காத்து கிறுகிற நாள்

வட்டைவிதானை என்றால் பெரிய பதவி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வட்டை என்கிற வயல்வெளியில் பயிர் செய்கிறவர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரைத் தெரிவுசெய்வார்கள். எல்லைத் தகராறு, வேலி உடைத்த மாடு, விதைப்புக்கு நாள் குறிப்பது எல்லாம் அவர் தலையில் விழும். விளைந்தால் மழையைப் புகழ்வார்கள், விளையாவிட்டால் விதானையை ஏசுவார்கள். கிரானுக்கு மேற்கே, ஆற்றுக்கு அங்காலே கிடந்த வட்டைக்கு 2009ஆம் ஆண்டு புரட்டாதியில் நல்லரத்தினத்தைப் பிடித்து விதானையாக்கினார்கள். வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார், யார் கேட்டார்கள்?

சண்டை முடிந்து நாலு மாதம். முகாம்களிலிருந்து திரும்பிய முப்பத்துநாலு குடும்பங்களுக்கு ஒரு நிறுவனம் விதைநெல் கொடுத்திருந்தது. ஒரு போகத்துக்கு மட்டும்தான் காணும். அந்த வட்டைக்குக் குளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. மண்ணைப் புழுதியாக உழுது நெல்லை எறிந்துவிட்டு வாடைமழைக்குக் காத்திருக்க வேண்டும். மிகவும் முந்தி எறிந்தால், இடையில் பெய்யும் ஒரு மழைக்கு நெல் முளைத்துப் பிறகு வெயிலில் கருகும். பிந்தினால், முளை நிமிர முதலே வெள்ளம் மூடி அழுகும். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நாள் கிடைக்கும். அந்த நாளைச் சொல்ல வேண்டியவர் நல்லரத்தினம்.

வேறு ஆளென்றால் சொல்லியிருப்பார். நல்லரத்தினத்துக்கோ வானத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்ல வாய் எழும்புவதில்லை. 2004 மார்கழியில் ஊரெல்லாம் வெள்ளம். இருபத்தைந்தாம் திகதி பின்னேரம் முற்றத்தில் நின்று மேகத்தைப் பார்த்தவர், "மழை விட்டிட்டு. நாளைக்கு நல்ல வெயில் எறிக்கும். புள்ளையையும் கூட்டிக்கொண்டு மாங்கேணிக்குப் போயிட்டு வா" என்று மனைவி சீதேவிப்பிள்ளையிடம் சொன்னார். மாங்கேணி அவளுடைய தாய்வீடு, கடலடி. அவள் அன்றைக்கே போனாள். மறுநாள் அவர் சொன்னபடியே வெயில் எறித்தது. காற்றில்லை, மழையில்லை. காலை ஒன்பது மணி போலக் கடல் எழும்பி ஊருக்குள் வந்தது. சீதேவி ஒரு தென்னையைப் பிடித்துப் பிழைத்தாள். ஒன்பது வயது மகள் கம்சாயினியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு சீதேவி கடல் பக்கம் போகவில்லை. அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பறையவும் இல்லை. சமைத்தாள், பரிமாறினாள், முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றாள். போகச் சொன்னவன் மேல் உள்ள கோபம்தான் இந்த மௌனம் என்று நல்லரத்தினம் தானே தீர்ப்பெழுதிக்கொண்டார். அவளிடம் கேட்கவும் பயம். ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

புரட்டாதிக் கடைசியில் ஒரு பின்னேரம் மேற்கே இடி இடித்து, ஒரு மணித்தியாலம் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடியவே உதயரூபன் வாசலில் நின்றான். மூன்று பிள்ளைகளின் தகப்பன், வட்டையில் இரண்டு ஏக்கர் செய்கிறவன்.

"விதானையார், மண் நல்ல பதமாக் கிடக்கு. எப்ப எறியிற?"

நல்லரத்தினம் வேலிக்கு அப்பால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். நல்லவேளையாக உசனார் மாஸ்டரும் வந்து சேர்ந்தார். ஓட்டமாவடிக்காரர், பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவர், அதே வட்டையில் அவருக்கும் காணி உண்டு. படிப்பிக்கிற வாய் சும்மா இருக்குமா?

"இது வாடை இல்ல தம்பி. இது உள்ளூர்ச் சரக்கு. பகல் முழுக்க நிலம் சுடுது, சூடான காத்து மேல எழும்புது, பின்னேரம் இடியோட கொட்டுது. நாளைக்கும் பெய்யும், மறுகா ரெண்டு கிழமைக்குச் சொட்டும் இருக்காது."

"அப்ப வாடை எங்கால வாற?"

"பூமி நேரா நிமிந்து நிண்டா மாரியும் இல்ல, கோடையும் இல்ல. அது சரிஞ்சபடிதான் சூரியனைச் சுத்துது. இப்ப சூரியன் தெற்கால போற காலம். வடக்க இந்தியாப் பெருநிலம் ஆறுது. ஆறின காத்துப் பாரம். அது தெற்க பாத்து இறங்கும். பூமி சுழலுறதால அதை நேரா வர விடாது, ஒரு பக்கம் தள்ளிவிடும். அதாலதான் நமக்கு வடகிழக்கால, கடலுக்கு மேலால வருது. வாற வழியில தண்ணியை அள்ளிக்கொண்டு வந்து நம்மட தலையில கொட்டுது."

"அது எந்தத் திகதி மாஸ்டர்?" உதயரூபன் விடுவதாயில்லை.

உசனார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சூரியன் திகதிப்படி போகும். காத்து திகதிப்படி வராது. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் விதானையாரக் கேக்க வாறன்?"

"கடல்காரருக்கு முன்னுக்கே தெரியும்" என்று ஒரு குரல் கேட்டது. தேத்தண்ணியோடு சீதேவி நின்றாள். "மேற்கால கச்சான் காத்து வீசுற மட்டும் கரைத்தண்ணி வடக்க பாத்து ஓடும். வாடை வர முதல் ஓட்டம் திரும்பித் தெற்க கிறுகும். கிறுகிப் பத்துநாள் போல மழை. எங்கட அப்பா அதைப் பாத்துத்தான் வலை மாத்துவார்."

"அப்ப ஆராவது போய்ப் பாக்கோணும்" என்றார் உசனார்.

"நான் போறன்" என்றாள் சீதேவி.

நல்லரத்தினம் வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். முப்பத்துநாலு வீட்டு விதைநெல் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம்.

அடுத்த நாள் இருவரும் பஸ் ஏறினார்கள். மாங்கேணியில் இறங்கி மணலில் நடக்கையில் சீதேவி குனிந்தபடியே வந்தாள். ஆனாலும் நிற்கவில்லை. அலை வந்து திரும்பும் இடம் வரை போய், ஒரு காய்ந்த தேங்காய் மட்டைப் பொச்சைப் பொறுக்கி, அலைக்கு அப்பால் விழும்படி எறிந்தாள். பொச்சு கொஞ்ச நேரம் தத்தளித்தது. பிறகு மெல்ல இடது கைப்பக்கம், வடக்கே நகர்ந்தது.

"இன்னும் கிறுகல்ல" என்றாள்.

நல்லரத்தினம் வட்டைக்காரரைக் கூட்டி, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொன்னார். முணுமுணுத்தார்கள். வயலில் நிற்க வேண்டிய விதானை கடற்கரையில் காற்று வாங்குகிறார் என்று ஒருவன் கேலி செய்தான். உதயரூபன் பொறுக்கவில்லை, கையிலிருந்த நெல்லில் பாதியை எறிந்துவிட்டான். நாலு நாளில் பச்சையாக முளைத்தபோது எல்லாருக்கும் நாக்கில் நீர் ஊறியது. "பாத்தீங்களா?" என்று கேட்காத ஆளில்லை. நல்லரத்தினம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனைவியோடு இரண்டாம் தரமும் மாங்கேணிக்குப் போனார், மூன்றாம் தரமும் போனார். பொச்சு வடக்கேதான் போனது. அதற்குள் கச்சான் திரும்ப எழும்பி அனலாக வீசியது. உதயரூபனின் பயிர் நுனியிலிருந்து சருகாகியது. அவன் வந்து வாசலில் குந்தினான். அவனைப் பார்க்க நல்லரத்தினத்துக்கு நெஞ்சு நொந்தது.

ஐப்பசி மூன்றாம் வாரத்தில் நாலாம் தரம் போனார்கள். சீதேவி எறிந்த பொச்சு தத்தளித்தது, நின்றது, பிறகு வலது பக்கம் சரிந்து தெற்கே போகத் தொடங்கியது. அவள் இன்னொன்றை எறிந்தாள். அதுவும் தெற்கே போனது.

"கிறுகிட்டு" என்றாள். "நாளைக்கே எறியலாம்."

நல்லரத்தினம் ஈர மணலில் குந்திவிட்டார். "ஏன் சீதேவி வந்த? அஞ்சு வருசமா இந்தப் பக்கம் பாக்காத நீ."

"நாள் பிழைச்சா மறுகாவும் உங்களையே நீங்க தின்னுவீங்க. அதை இன்னொருக்காப் பாக்க எனக்கு ஏலா."

அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார். "வெயில் எறிக்கும், போயிட்டு வா எண்டு நான்தானே அனுப்பினன். நான் சொல்லாட்டி..."

"நீங்க சொன்ன வெயில்தான் எறிச்சது. காத்திலயோ மேகத்திலயோ ஒண்டும் இருக்கல்ல. கடலுக்கு அடியில நிலம் அசைஞ்சதை முற்றத்தில நிண்டு ஆர் காணுற?" சீதேவி அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். "அவள் என்ட கையிலதான் இருந்தவள். தென்னையை ஒரு கையால பிடிச்சன், அவளை ஒரு கையால பிடிச்சன். ரெண்டாம் தரம் தண்ணி வரக்குள்ள கை வழுக்கிட்டு. நான்தான் விட்டனான். அதைக் கேட்டா என்ட முகத்திலயே முழிக்க மாட்டீங்க எண்டுதான் ஒண்டும் பறையாம இருந்தனான்."

நல்லரத்தினம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஐந்து வருடம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு குற்றத்தை ஒளித்து வைத்திருந்த கொடுமையை நினைத்து அழுதார். அவளும் அழுதாள். மத்தியான பஸ் போனது, அதை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தார்கள்.

பின்னேரம் வட்டைக்காரர் கூடினார்கள். தங்கள் நெல்லில் ஆளுக்கொரு மரைக்கால் உதயரூபனுக்குக் கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். பிறகு எல்லாரும் விதானையைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு விதைப்பு" என்றார் நல்லரத்தினம்.

"உறுதியா விதானையார்?" உதயரூபனின் குரலில் பயம் இருந்தது.

"என்ட பொஞ்சாதி பாத்தவ" என்றார். "உறுதிதான்."