மீன் குடிசையில் ஒரு கைது

எங்கள் மாநில செனட்டில், அதாவது சட்டமன்றத்தின் மேலவையில், சார்ஜென்ட் என்று ஒரு பதவி உண்டு. பெயரைக் கேட்டால் பீரங்கியோடு நிற்பவன் என்று நினைப்பீர்கள். என்னிடம் இருந்தது ஒரு கறுப்புக் கோட்டும் அவைக் கதவின் பித்தளைச் சாவியும்தான். ஆனால் ஒரு அதிகாரம் இருந்தது. அதை நினைத்தால் ஓய்வு பெற்ற இந்த வயதிலும் என் மீசை தானாகத் துடிக்கும். அவைக்கு வராமல் டிமிக்கி கொடுக்கும் செனட்டரை, அவர் எந்தப் பொந்தில் இருந்தாலும், கைது செய்து கூட்டிவரலாம். என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அதைப் பயன்படுத்தினேன். அதுவும் எப்பேர்ப்பட்ட இடத்தில்!

அந்தக் குளிர்காலத்தில் செனட்டர் வெர்னா ஸ்கோக் ஒரு மசோதா கொண்டுவந்தார். வெர்னாவுக்கு ஹால்ஸ்டன் ஊரில் மாட்டுத்தீவனக் கடை. செனட் நடக்கும் மாதங்களில் மட்டும் தலைநகரத்துக்கு வருவார். ஹால்ஸ்டன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள், மூடாமல் இருக்க அரசு பணம் கொடுக்க வேண்டும். மசோதா அவ்வளவுதான். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பனியில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். முந்தைய வருடம் ஒரு பெண்ணுக்குப் பாதி வழியிலேயே, சாலையில் பனி தள்ளுகிற வண்டிக்குள் பிரசவம் ஆனது. டார்ச் பிடித்தது வெர்னா. அன்றிலிருந்து அந்தம்மா வேறு எதைப் பற்றியும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இரண்டு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. கவர்னர் டெல்மர் ரூட் ‘முடியாது’ என்று வீட்டோ போட்டுத் திருப்பி அனுப்பினார். இனி ஒரே வழி, இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து அந்த வீட்டோவை உடைக்க வேண்டும். கீழவையான பேரவை காலையிலேயே உடைத்துவிட்டது. செனட்டில் இருபத்தேழு ஓட்டு வேண்டும். வெர்னாவிடம் இருந்தது இருபத்தாறு.

இருபத்தேழாவது ஆள் ஓடிஸ் பிராட்டன். அவர் நாற்காலி காலி.

“ஓடிப்போயிட்டான்,” என்றார் வெர்னா. குரல் உடைந்திருந்தது. “மாட்டேன்னு சொல்லித் தொலைச்சிருந்தாக்கூடத் தேவலை. ஆர்வின், அவனைப் பிடிச்சிட்டு வர முடியுமா உங்களால?”

முடியுமாவா? இருபது வருடமாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

உடனே அவை அழைப்புத் தீர்மானம் போட்டார்கள். எங்கள் விதிப்படி அதன் பிறகு கதவைப் பூட்டிவிட வேண்டும், காணாமல்போனவர் வரும்வரை ஒருவரும் வெளியே போகக் கூடாது, சாவி சார்ஜென்ட் இடுப்பில்தான் இருக்க வேண்டும். வெர்னா பக்கத்து ஆட்களிலேயே இரண்டு பேர் பால்பண்ணைக்காரர்கள். “மாடு கத்தும் ஆர்வின், எங்கள மட்டும் விட்டுட்டுப் பூட்டுப்பா,” என்று கெஞ்சினார்கள். அவர்கள் போனால் இருபத்தாறு இருபத்துநாலாகும். நான் பூட்டினேன். எண்ணெயையே பார்க்காத பூட்டு. அது விழுந்த சத்தம் பக்கத்து மாநிலத்துக்குக் கேட்டிருக்கும்.

ஓடிஸ் எங்கே இருப்பார் என்று யோசிக்கவே தேவையில்லை. எங்கள் ஊரில் மனக்கஷ்டம் வந்த ஆண்பிள்ளை உறைந்த ஏரி மேல் மரப்பலகைக் குடிசை போட்டு, பனிக்கட்டியில் ஓட்டை வெட்டித் தூண்டில் போடுவான். ஏரிக்குக் காரை விரட்டினேன். அன்றைய குளிர் எப்படி என்றால், என் கார் ஹாரனை அடித்தேன், அது இருமியது. கரையோரப் பனிக்குவியலில் கார் மூக்கு வரை புதைந்தது. இறங்கி நடந்தேன். குடிசையை அடையும்போது மீசையில் மட்டும் ஒரு கிலோ பனி.

கதவைத் தள்ளினேன்.

“யாருய்யா அது? கதவச் சாத்து, சூடு பூரா வெளிய போவுது!”

உள்ளே கவிழ்த்துப் போட்ட வாளி மேல் ஓடிஸ். எதிர் வாளி மேல், காது மூடிய தொப்பியும் கையில் காபியுமாக, சாட்சாத் கவர்னர்! நடுவில் ஒரு வாளி நிறைய மீன்.

பல் கிட்டிக்கொண்டாலும் கடமையைச் செய்தேன். “செனட்டர் ஓடிஸ் பிராட்டன் அவர்களே, செனட்டின் பெயரால் உங்களைக் கைது செய்கிறேன்!”

“இருப்பா, கொத்துது,” என்றார் ஓடிஸ்.

கவர்னர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்னையும் பிடிச்சிட்டுப் போவியோ?”

“நீங்க நிர்வாகம் சார், நாங்க சட்டமன்றம். உங்களத் தொட்டா என் வேலை போயிடும்.”

“ஆசை மட்டும் இருக்கு, இல்ல?”

“நெறைய இருக்கு சார்.”

அவர் சிரித்தார். ஓடிஸ் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள், இந்தக் குடிசையே இரண்டு பேருக்கும் பொது. “நான் அங்க போனா இவனுக்கு எதிரா கையத் தூக்கணும் ஆர்வின்,” என்றார் ஓடிஸ். “தூக்கலன்னா அந்த வெர்னா முகத்துல முழிக்க முடியாது. அதான் இங்க வந்தேன். வந்து பார்த்தா, இவனும் இங்க ஒளிஞ்சிட்டிருக்கான்.”

கவர்னர் தண்ணீர் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பனிவண்டியில பொறந்தது ஆணா, பொண்ணா?” என்றார் திடீரென்று.

“பொண்ணு சார். வண்டி ஓட்டினவரோட கோட்டுலதான் சுத்தி எடுத்துட்டுப் போனாங்க. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அது அழவே இல்லையாம். வெர்னாம்மா இப்பவும் அதச் சொல்லிட்டு நிறுத்திடுவாங்க.”

கவர்னர் காபியைக் கீழே வைத்தார்.

“ஒரு டாலர்கூடப் புதுசா செலவு பண்ண மாட்டேன்னு தேர்தல்ல ஊர் ஊராப் போய்ச் சொன்னேன்,” என்றார் கவர்னர். “சொன்ன வாய்க்காக வீட்டோவுல கையெழுத்துப் போட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இப்ப நானே அழுது புரண்டாலும் அந்த வீட்டோவைத் திரும்ப எடுக்க முடியாது, எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. அது எவன்கிட்ட இருக்கு தெரியுமா? வாளி மேல உக்காந்து மூக்க உறிஞ்சிட்டிருக்கிற கழுதைகிட்ட இருக்கு.”

ஓடிஸ் நிமிர்ந்தார். “டேய், உன்னத் தோக்கடிக்கச் சொல்றியா?”

“நான் ஒண்ணும் சொல்லலையே! கவர்னர் எப்படிடா செனட்டருக்கு உத்தரவு போட முடியும்? மீன் ஒண்ணும் கொத்தல, நான் கிளம்பறேன். வேணும்னா வழியில உன்ன இறக்கிவிடறேன்.”

என் காலடியில் அந்த வாளி மீன் பூராவும் துள்ளிக்கொண்டிருந்தது. நான் வாய் திறப்பேனா?

என் காரோ பனிக்குவியலில். ஆகவே கவர்னரின் சின்ன லாரி. முன்சீட்டில் மூன்று பேர்: ஸ்டியரிங்கில் கவர்னர், நடுவில் கைதி, ஓரத்தில் மீன் வாளியை மடியில் வைத்தபடி சட்டமன்றத்தின் மாட்சிமையாகிய நான். அந்த வேகத்தில் எந்தக் கவர்னரும் தன் தோல்வியை நோக்கி வண்டி ஓட்டியிருக்க மாட்டார். இரண்டு இடத்தில் சக்கரம் தரையைத் தொடவே இல்லை.

அவைக்குள் பசியில் நிலைமை மோசம். செனட் தலைவர் மேஜைப் பூவைத் தின்றதாக ஒரு பேச்சு உண்டு. நான் மறுக்கவுமில்லை, பரப்பாமலும் இல்லை. பால்பண்ணைக்காரர்கள் கதவில் காதை வைத்து நின்றார்கள். திறந்ததும் அவர்களைத் தள்ளி, ஓடிஸை உள்ளே விட்டேன்.

பின்னாலேயே கவர்னர். “சார், அழைப்பில்லாம நீங்க உள்ள வரக் கூடாது,” என்றேன்.

“தெரியும்யா. அந்த வாளியக் குடு.”

திரும்பப் பூட்டினேன். ஓட்டுக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிராட்டன் என்றதும் ஓடிஸ் எழுந்தார். வெர்னா அவரைப் பார்க்கவே இல்லை, மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஓடிஸ் கண் கதவிலிருந்த சின்னக் கண்ணாடிக்குப் போனது. வெளியே தெரிந்தது ஒரு முதுகும் காது மூடிய தொப்பியும். நண்பன் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுப் போட வேண்டியிருக்கக் கூடாதென்று மனுஷன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

“ஆம்,” என்றார் ஓடிஸ்.

இருபத்தேழு. ஒருவரும் கைதட்டவில்லை. வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

கதவைத் திறந்தேன். “என்னாச்சு?” என்று கிசுகிசுத்தார் கவர்னர்.

“தோத்துட்டீங்க சார்.”

அவர் தோள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தேன். ஒரு மூட்டை சிமென்ட்டை இறக்கிவைத்த மாதிரி. அதற்குள் நிருபர்கள் ஓடிவர, முகம் இடி மேகமானது. “மக்கள் பணம்! இது அநியாயம்!” என்று முழங்கினார். நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் இன்னும் பெரிய ஆளாகியிருப்பார்.

வெர்னா வெளியே வந்தார். கவர்னரின் ஈர பூட்ஸைப் பார்த்தார். உள்ளே ஓடிஸின் ஈர பூட்ஸைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார்.

“மீன் நல்லாக் கெடச்சுதா கவர்னர்?”

“ஒண்ணுகூடக் கொத்தலம்மா,” என்றார் அவர், முகத்தை அப்படியே கோபமாக வைத்துக்கொண்டு.

வாளியிலிருந்து ஒரு மீன் துள்ளிப் பளிங்குத் தரையில் விழுந்தது. வெர்னா குனிந்து அதை எடுத்து வாளியில் போட்டார். அப்படியே கவர்னர் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார். நிருபர்கள் அதைக் கைகுலுக்கல் என்று எழுதினார்கள்.