எல்லா லாகினுக்கும் ஒரே வரி

பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடித்தாள் சாமுண்டீஸ்வரி. திரை கறுத்தது, ஏதோ யோசிப்பதுபோல நின்றது, மறுபடி பாஸ்வேர்டையே கேட்டது. இது நாலாவது தடவை.

"தப்பா அடிக்கிறியாக்கா?" கையுறையைக் கழற்றாமல் பின்னால் நின்றான் இன்னொரு ஆபரேட்டர் தனசிங்.

"தப்புன்னா தப்புன்னு சொல்லும்டா. இது உள்ள வுட்டு, கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுது."

குரோம்பேட்டையில் அத்தாவுல்லா பாயின் தகடு வெட்டும் பட்டறை அது. ஒரு லேசர் மெஷின், அதற்கு ஒரு கம்ப்யூட்டர், மூன்று ஆபரேட்டர்கள். எந்த ஆள் தகட்டைப் பாழாக்கினது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பாய் ஆளுக்கொரு லாகின் வைத்திருந்தார். தகட்டில் எந்தத் துண்டு எங்கே வரணும் என்று அடுக்கித் தரும் புது புரோகிராம் போன வாரம் வந்தது. இவள் லாகினில் அதன் பேரை அடித்தால் திறந்தது. மற்ற இரண்டு பேருக்கும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது. கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆளைக் கூப்பிடலாம் என்றார் பாய். "நானே பண்றேன் பாய்" என்று இவள்தான் வாயைக் கொடுத்தாள்.

கொடுக்காமல்? ஆறு வருஷம் இதே பட்டறையில் தரையில் குந்தி, வெட்டின தகட்டின் பிசிறு தேய்த்தவள். அப்பாவும் அம்மாவும் பம்மல் பக்கம் கல் உடைத்தவர்கள். முதுகு சாய்த்து உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்காலி அந்தக் குடும்பத்தில் இவளுக்குத்தான் முதலில் கிடைத்தது, அதுவும் எட்டு மாசமாக. "முடியலன்னா சொல்லிடும்மா, படிச்ச ஆளா ஒருத்தர உக்கார வெச்சிக்கிறேன். நீ பழைய எடத்துக்கே போயிடு" என்றார் பாய். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவள் லாகினின் செட்டிங்கில் ஒரு வரி இருந்தது. PATH="$PATH:/opt/nest/bin". டாலர் குறி போட்ட PATH என்றால் எப்பவும் தேடுகிற இடங்கள்; அவற்றோடு இந்த இடத்திலும் தேடு என்று அர்த்தம். நேற்று சாயங்காலம் அதை எழுத்து மாறாமல் எல்லோருக்கும் பொதுவான ஃபைலில், /etc/environment-இல், ஏற்கெனவே இருந்த PATH வரியை எடுத்துவிட்டுப் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஊரப்பாக்கத்துக்கு ரயில் ஏறினாள். அவ்வளவுதான் செய்தது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று என்று சேர்த்து அழுத்தினாள். வெறும் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரை. அது உள்ளே விட்டது. ஃபைல்களைப் பட்டியல் போடும் ls கட்டளையை அடித்தாள். பதிலைப் படித்தாள், நம்பாமல் இன்னொரு தரம் படித்தாள்.

"இன்னாக்கா சொல்லுது?"

"ls, /bin-ல கீதாம். ஆனா /bin-ல தேடச் சொல்லி யாரும் சொல்லலியாம். அதனால கெடைக்கலியாம்."

தனசிங் சிரித்துவிட்டான். "ஃபைல் பீரோலதான் கீது, எடுக்க எனக்கு ஆர்டர் இல்லன்னு சொல்ற ஆபீஸ்காரன் மாதிரி பேசுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எப்பவும் தேடுகிற இடங்களோடு என்றுதானே எழுதினாள்? கட்டட வேலையில் மேஸ்திரி "எப்பவும் போல, கூட ரெண்டு சட்டி மணல்" என்றால் சித்தாளுக்குப் புரிகிறது. இவள் லாகினில் இதற்கும் புரிகிறது. பொது ஃபைலில் மட்டும் என்ன வந்தது? முழு விலாசம் கொடுத்து ஃபைலைத் திறந்தாள். அவள் வரி அப்படியே இருந்தது, ஒரு புள்ளி குறையாமல்.

பாயின் பில் போடும் கம்ப்யூட்டரும் இதே ஜாதிதான்; அவள் எடுத்துவிட்ட பழைய வரி அதில் இருக்கும். தனசிங் ஓடிப்போய் அதன் பொது ஃபைலில் இருந்ததை அட்டையில் எழுதிக்கொண்டு வந்தான். அவன் வாசிக்க வாசிக்க அவள் அடித்தாள்.

"ஸ்லாஷ், யூ எஸ் ஆர், ஸ்லாஷ், பின். ரெண்டு புள்ளி."

"மேல கீழ புள்ளியா?"

"பக்கத்துல பக்கத்துல வெச்சா அது இன்னாக்கா, கோலமா? மேல கீழதான்."

டாலர் குறி போட்ட PATH-ஐ எடுத்துவிட்டு, எல்லா இடத்தையும் பேர் பேராக எழுதி, கடைசியில் புது இடத்தையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தாள். அவள் லாகின் திறந்தது. தனசிங் லாகின் திறந்தது, புரோகிராமும் திறந்தது. அவன் விசிலடித்துக்கொண்டு மெஷினுக்குப் போனான்.

பாய் வந்து பார்த்தார். "நடக்குதே! இன்னா கோளாறு?"

"ஒரு வரி பாய். மாத்தி எழுதினேன்."

"முதல்ல எழுதினதுல இன்னா தப்பு?"

"தப்பில்ல பாய். என் லாகின்ல அதே வரிதான் இப்பவும் ஓடுது."

பாய் மேஜைமேல் ஒரு நோட்டை வைத்தார். "செஞ்சத எழுதி வை. எதனாலன்னும் எழுது. நீ இல்லன்னா வர்ற ஆளுக்கு வேணுமில்ல?"

லீவில் இல்லையென்றாலா, இந்த நாற்காலியிலேயே இல்லையென்றாலா? கேட்பதற்குள் அவர் போய்விட்டார்.

அந்த நீள வரியை நிதானமாக எழுதி முடித்தாள். கீழே 'காரணம்' என்று போட்டாள். அதே வரி பொது ஃபைலில் மட்டும் ஏன் ஓடவில்லை என்று அவளுக்கு இன்னும் தெரியாது; பேனா அங்கேயே நின்றது. கண்ணாடிக்கு அப்பால் மெஷின் நின்றிருந்தது. தனசிங் தகட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான். வெட்டுப்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று சத்தத்தோடு கீழே விழுந்தன. அவன் கையில் ஓட்டைகள் மட்டும் நிமிர்ந்து நின்றன, அவற்றின் வழியாக ரோட்டில் போகிற பஸ் துண்டு துண்டாகத் தெரிந்தது.