சொந்த விருப்பத்தின் பேரில்

பதினொரு பெண்களைக் கையெழுத்துப் போட வைத்தவள் குமுதாதான். அவள் முதலில் போட்டாள். அவள் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள். மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் வேலை செய்து பேக்கிங் பிரிவுக்கு லீடரானவள் போடும்போது, அவளுக்குக் கீழே வேலை செய்தவர்கள் எதைப் படித்துப் பார்க்கப் போகிறார்கள்?

அந்தக் காகிதம்தான் இப்போது சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி அலுவலகத்தின் முகப்பு மேசையில் கிடந்தது. வேலை போனவர்களுக்குச் சில மாதங்கள் உதவித்தொகை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் காகிதத்தை ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அக்கா, நீங்க சொந்த விருப்பத்துல வேலையை விட்டதா இதுல இருக்கு. கம்பெனி நிப்பாட்டினாத்தான் உதவி கிடைக்கும். தானா நின்னவங்களுக்கு இல்ல" என்றாள் மலாயில்.

"நான் எங்க நின்னேன்? அவங்கதான் எங்க பிரிவையே மூடறோம்னு சொன்னாங்க."

"அப்படின்னா ஏன் இப்படி எழுதிக் கொடுத்தீங்க?"

குமுதா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஏமாற்றியோ வற்புறுத்தியோ கையெழுத்து வாங்கியிருந்தால், தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம் என்று சொன்னாள். வேலை போன நாளிலிருந்து அறுபது நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் வாங்க மாட்டார்கள்.

அன்றைக்கு ஐம்பத்தோராவது நாள்.

வெயிலில் நின்றிருந்த காடிக்குள் ஏறி உட்கார்ந்தாள். கோபம் வந்தால் அழுதுவிடுகிற ரகமில்லை குமுதா. அவளுக்குக் காதுமடல் சுடும். வீடு வந்து சேரும்வரை சுட்டது.

காகிதத்தைக் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, அவள் கணவன் புனிதனின் சொந்த அண்ணன் உமாபதி. அதே தொழிற்சாலையில் ஆள் சேர்க்கும் பிரிவில் அதிகாரி. புக்கிட் ரோத்தானைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் யார் வீட்டு மகளுக்கு, மருமகளுக்கு வேலை வேண்டுமென்றாலும் உமாபதி காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். குமுதாவுக்கும் அவர்தான் வேலை வாங்கிக் கொடுத்தார். அவர் நீட்டுகிற விண்ணப்பப் பாரத்தை யாரும் படித்ததில்லை. எங்கே கையெழுத்து என்று கேட்டு, அவர் விரல் வைத்த இடத்தில் போடுவார்கள். சேரும்போது அப்படித்தான் போட்டார்கள். வெளியே போகும்போதும் அப்படித்தான்.

வேலை போவதற்குச் சில நாட்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமியார் காளியம்மா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் இல்லை, பேக்கிங்கை மூடப்போகிறார்கள் என்று உமாபதி சொன்னார். சொல்லிவிட்டு, மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அடுத்ததைச் சொன்னார்.

"கம்பெனி நிப்பாட்டிடுச்சுன்னு கடுதாசி வாங்கிக்கிட்டுப் போனா நாளைக்கு எவன் வேலை குடுப்பான்? என்ன பண்ணினா, எதுக்குத் தள்ளினாங்கனு கேப்பான். நீங்களே நின்னுட்டதா எழுதிக் குடுத்துடுங்க. மரியாதையா இருக்கும்."

குமுதாவுக்கு அது நியாயமாகவே பட்டது. தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். தோட்டத்தில் பேர் வெட்டி வேலையை விட்டு நிறுத்துவது என்றால் என்னவென்று தெரியும். கொட்டகையில் திருடினவனுக்கும் குடித்துவிட்டு, மேற்பார்வை பார்க்கும் மண்டோரை அடித்தவனுக்கும்தான் பேர் வெட்டுவார்கள். அப்படி வெட்டுப்பட்டவன் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். நிறுத்திவிட்டார்கள் என்பதைவிட நின்றுவிட்டேன் என்பது தலை நிமிர்த்திச் சொல்லக்கூடியதாக இருந்தது.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், போடு" என்றான் புனிதன், வாயில் சோற்றோடு. உமாபதி கொண்டுவந்திருந்த கடிதத்தில், அவர் விரல் வைத்த இடத்தில் குமுதா போட்டாள்.

மறுநாள் கேண்டீனில் அவள் மற்றவர்களிடம் சொன்னபோது, அவர்களில் கங்கா மட்டும் கேட்டாள். "அக்கா, இத்தனை வருஷத்துக்குப் பணம் ஒண்ணும் கிடையாதா?"

"மானம் பெருசா அது பெருசா?" என்று குமுதா அவளை அடக்கினாள்.

அந்த மானம் இந்த ஐம்பத்தோரு நாளில் அவளை எங்கெங்கேயோ நிறுத்தியது. கோலசிலாங்கூர் கடலுணவுக் கடைகளில் சீனம் பேசத் தெரியுமா என்று கேட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தாய் பேரங்காடியில் முப்பத்தைந்து வயதுக்குள் வேண்டும் என்றார்கள், அவளுக்கு நாற்பத்தொன்று. புஞ்சாக் ஆலாம் கிடங்கில் எல்லாம் பேசி முடித்து, முன்பு ஏன் நின்றீர்கள் என்று ஓர் இளம்பெண் கேட்டாள். நானே நின்றுவிட்டேன் என்று குமுதா நிமிர்ந்து சொன்னாள். "பதினாலு வருஷம் இருந்த இடத்தையே ஒரு காரணமும் இல்லாம விட்டுட்டீங்க, இங்க எத்தனை மாசம் இருப்பீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு, விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தாள் அந்தப் பெண்.

சொக்சோவுக்குப் போய் வந்த அன்று சாயந்திரமே கங்காவைத் தேடிப் போனாள். கங்கா பத்தாங் பெர்ஜுந்தாய் சாலையோரத்தில் குடை விரித்துப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். குமுதா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எண்ணெயில் கிடந்த வடையைத் திருப்பிப் போட்டாள்.

"இன்னைக்குத்தான் தெரியுமா உங்களுக்கு?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன மாசமே தெரியும். நானும் அந்தக் கவுண்டருக்குப் போய்ட்டு வந்தவதான். உங்ககிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? நீங்க அவரு வீட்டு ஆளு." கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்துக் காட்டினாள். அவர்கள் வேலை செய்த அதே தொழிற்சாலை, அதே பேக்கிங் பிரிவு. ஏஜென்ட் மூலம் ஆள் எடுக்கிறார்கள், தினக்கூலி, உடனே சேரலாம் என்று விளம்பரம். "மூடறோம்னாங்கல்ல. லைன் ஓடுது. நீங்க நின்ன எடத்துல வேற ஒருத்தி நிக்கிறா. உங்களைவிட வேகமாம்."

குமுதா அதை இரண்டு தடவை படித்தாள். காது சுட்டது.

"வா கங்கா, எல்லாரும் சேர்ந்து புகார் குடுப்போம். இன்னும் ஒன்பது நாளு இருக்கு."

"யாரு மேல? உங்க அத்தான் மேலயா? நீங்க குடுப்பீங்க?" கங்கா வடைகளை அரித்துத் தட்டில் கொட்டினாள். "சும்மா பேசாதீங்கலா அக்கா. மானம் பெருசுன்னு அன்னைக்கு எனக்குப் பாடம் எடுத்தீங்க. போய் மொதல்ல உங்க வீட்ல பேசிட்டு வாங்க. அப்புறம் பாப்போம்."

அடுத்த ஞாயிறு காளியம்மா வீட்டில் குமுதா உட்காரவில்லை. சாப்பிடவும் இல்லை. உமாபதி கை கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்தாள்.

"அத்தான், பேக்கிங்கை மூடறதாச் சொன்னீங்க. இப்ப யாரு பேக் பண்றா?"

உமாபதி துண்டில் கை துடைத்தார். அவசரமே இல்லை. "அது ஏஜென்ட் ஆளுங்க. மேலிடத்து முடிவும்மா. நான் என்ன பண்ண முடியும்?"

"கம்பெனி நிப்பாட்டினா எங்களுக்குப் பணம் குடுக்கணும். நாங்களா நின்னா குடுக்க வேணாம். இது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"குமுதா, சத்தத்தைக் கொறை. அம்மா இருக்காங்க."

"அத்தையும் கேக்கட்டும். தெரியுமா தெரியாதா?"

உமாபதி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பன்னண்டு பேருகிட்டயும் கடுதாசி வாங்கலைன்னா பதிமூணாவது ஆளு நானு" என்றார் கடைசியில். "எனக்கு வயசு அம்பத்தாறு. என்னை எவன் எடுப்பான்? நீயே சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒனக்கு நான் வழி பண்ணி வெச்சிருக்கேன். ஏஜென்ட்கிட்ட பேசிட்டேன். சூப்பர்வைசரா வந்துடு. ஒனக்கு மட்டும். மத்தவளுங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத."

"எனக்கு மட்டும்."

"நம்ம வீட்டு ஆளு நீ."

"நம்ம ஆளு நம்ம ஆளுன்னுதான் அத்தான் எல்லார் கையிலயும் பேனாவைக் குடுத்தீங்க. ஒரு சீனன், ஒரு மலாய்க்காரன் நீட்டியிருந்தா நாங்க படிச்சுப் பாத்திருப்போம். நான் புகார் குடுக்கப் போறேன்."

காளியம்மா இடையில் புகுந்தாள். "அவன் போட்ட பிச்சையிலதானடி பதினாலு வருஷம் சாப்பிட்ட. புருஷனோட கூடப்பொறந்தவன் மேல புகார் குடுக்கப் போறியா, நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்க?"

"பிச்சை இல்ல அத்தை. பதினாலு வருஷம் நின்னு நின்னு காலு வீங்கிச் சம்பாதிச்சது."

புனிதன் இவ்வளவு நேரமும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். குமுதா அவனைப் பார்த்தாள். அவன் காடிச் சாவியைத் தேடினான்.

திரும்பும் வழியில் இருபக்கமும் செம்பனைத் தோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டே புனிதன் சொன்னான்.

"அண்ணன் இல்லன்னா நான் இன்னும் குலை வெட்டிக்கிட்டு இருந்திருப்பேன், குமுதா. லோரி லைசன்ஸ் எடுக்க வெச்சது அவருதான்."

"அதுக்கு நீங்க ஆயுசுக்கும் நன்றி சொல்லுங்க. என்னையும் சேத்து அடகு வைக்காதீங்க."

"அவரு வேலை போயிடும்."

"பன்னண்டு பேரு வேலை போச்சு. அப்ப நீங்க சோறு தின்னுக்கிட்டு இருந்தீங்க."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர்கள் சண்டை போடாதவர்கள் அல்ல; ஆனால் எத்தனை சண்டையிலும் காலையில் அவனுக்குத் தேநீர்க் குடுவையை நிரப்பி வைத்துவிடுவாள். இந்த முறை இரண்டு நாளாகக் குடுவை கவிழ்த்தபடியே கிடந்தது. அவள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றாமல் நின்று, "நான் சொன்னது தப்பு. படிச்சுப் பாக்காமச் சொன்னேன். வாங்க, சேர்ந்து போவோம்" என்றாள். ஒருத்தி கதவையே திறக்கவில்லை. ஒருத்தி ஏஜென்ட் கீழே அதே லைனில் போய்ச் சேர்ந்திருந்தாள். என்னை விட்டுடுங்க அக்கா என்று கும்பிட்டாள். எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள். கங்கா புறப்படுகிற நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிடும்போது புனிதன் சொன்னான். "முதலாளிகிட்ட வேன் கேட்டு வாங்கியிருக்கேன். இத்தனை பேரு ஷா ஆலாமுக்கு எப்படிப் போவீங்க?"

"ஓட்டறதுக்கு வர்றீங்களா, இல்ல வேற எதுக்காச்சுமா?"

"ஓட்டறதுக்கு."

"அப்ப ஓட்டுங்க."

ஐம்பத்தேழாவது நாள் அவர்கள் தொழில் உறவு இலாகா அலுவலகத்தில் இருந்தார்கள். அதிகாரி நடுவயதுப் பெண்மணி. ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டு எழுதினாள். குமுதாவின் முறை வந்தபோது, இந்தக் கடிதத்தை எங்கே வைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். மாமியார் வீட்டில் என்றாள் குமுதா. அதிகாரி பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள். அப்போது வேறு யார் இருந்தார்கள்?

"மாமியார். என் வீட்டுக்காரர்."

"அவர் வந்து சொல்வாரா?"

"தெரியாது" என்றாள் குமுதா. உண்மையிலேயே தெரியவில்லை. "கீழ வேன்ல இருக்காரு."

அவள் எழுந்திருப்பதற்குள், அதைக் கேட்டபடி பின்னால் நின்றிருந்த கங்கா படியிறங்கிப் போய்விட்டாள். அவனிடம் அவள் என்ன சொன்னாள் என்று குமுதாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் புனிதன் மேலே வந்தபோது முகம் கறுத்திருந்தது. அறை வாங்கினவன் மாதிரி இருந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். உமாபதி உங்களுக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டாள்.

"கூடப்பொறந்த அண்ணன்."

கடிதம் கொடுத்த அன்றைக்கு உமாபதி பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "போடுன்னு நானும் சொன்னேன். அதையும் எழுதிக்குங்க" என்றான்.

குமுதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை நாளாக அவனுக்கு எதிரே நின்ற கோபம், இப்போது அவன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அதிகாரி பெரிதாக வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவோம், மாதக்கணக்கில் ஆகலாம், கையெழுத்து உங்களுடையதுதான் என்று கம்பெனி சொல்லும், தயாராக இருங்கள் என்றாள். சரி என்றார்கள்.

வேன் ஈஜோக் தாண்டும்போது புனிதனின் போன் அடித்தது. முன்னால் மாட்டியிருந்த போன் திரையில் அண்ணன் என்று வந்தது. புனிதன்தான் அழைத்துப் போகிறான் என்று காளியம்மா சொல்லியிருப்பாள். நான்கைந்து முறை அடிக்கும்வரை புனிதன் சாலையையே பார்த்தான். பிறகு விரலை நீட்டி அழுத்தினான்.

"டேய், என்னடா பண்ணி வெச்சிருக்க? பொண்டாட்டி சொன்னா போயிடுவியா? என் வேலைக்கு வேட்டு வெச்சிட்டு…"

"அண்ணே" என்றான் புனிதன். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாரும் வேன்லதான் இருக்காங்க. என்கிட்டப் பேசாதீங்க. அவங்ககிட்டப் பேசுங்க."

கங்கா பின் இருக்கையிலிருந்து எழுந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணே, கங்கா பேசறேன். வடை விக்கிறேன், நல்லா இருக்கேன். நீங்க வெரல் வெச்ச எடத்துல போட்டேனே, ஞாபகம் இருக்கா? அங்க என்ன எழுதியிருந்துச்சு? எனக்குப் படிச்சுக் காட்டலையே நீங்க. இப்ப சொல்லுங்க, கேக்கிறோம்."

போன் கட்டாகிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. கங்கா திரும்பித் தன் இடத்துக்குப் போகப் பார்த்தாள். குமுதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருடி" என்றாள். பிறகு கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "திரும்பப் போடுங்க. இன்னும் ஒன்பது பேரு பேசணும்."

புனிதன் வேனை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு எண்ணை அழுத்தினான்.