காலியாக விடக்கூடாத கட்டம்

கவினியா டீச்சர் செய்தது ஒரே ஒரு காரியம். காலியாகக் கிடந்த ஒரு கட்டத்தை நிரப்பினாள். அதையும் வேறு வழியில்லாமல்தான் செய்தாள். வேறு வழியில்லாமல் செய்ததற்கும் பலன் வந்து சேரும் என்று பயிற்சிக் கல்லூரியில் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

பிள்ளைகளை எண்ணால் அளக்கக் கூடாது, மதிப்பெண்ணும் ரேங்கும் வேண்டாம் என்று தலைநகர் நைரோபியில் உட்கார்ந்து முடிவு செய்தவர்கள் நல்லவர்கள்தான். மதிப்பெண்ணை எடுத்துவிட்டு நாலு படி வைத்தார்கள். எதிர்பார்ப்பை மிஞ்சியவர், எட்டியவர், நெருங்கியவர், கீழே இருப்பவர். பரீட்சை மட்டும் போதாது, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு பொருள் செய்ய வேண்டும், டீச்சர் அதைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றார்கள். கிட்டூயிக்குத் தெற்கே அந்தப் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

ஜூன் மாதக் கடைசி வெள்ளி, மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. நாலரைக்குக் கவினியா பள்ளி டேப்லெட்டோடு மேடைமேல் நின்றாள். ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பெயர்கள். நாற்பத்திரண்டுக்குப் படம் ஏற்றியாகிவிட்டது. பதினேழாவது கட்டம் மட்டும் காலி. அது கசிவாவுடையது. அவள் மார்ச் மாதமே படிப்பை விட்டு, திகா நகரத்தில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள். பெயரைப் பதிவிலிருந்து எடுக்க எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வகுப்பையே ஏற்க மாட்டேன் என்று திரை சிவப்பாகச் சொன்னது.

கீழே நின்ற தலைமையாசிரியர் முதெங்கி கழுத்தை நிமிர்த்திக் கத்தினார். "என்னம்மா, இன்னும் போகலையா?"

"கசிவா கட்டம் காலியா இருக்கு சார். விடமாட்டேங்குது."

"எதையாவது போட்டு அனுப்பு. யாரு உட்கார்ந்து பார்க்கப் போறா?"

"இல்லாத பொண்ணுக்கு எதைப் போடறது?"

"இருக்கற பொண்ணோடதைப் போடு! ஒருத்திக்காக மிச்சப் பிள்ளைங்க வருஷமே வீணாப் போகணுமா?"

கைக்கு முதலில் வந்தது முக்கேனியின் படம். முக்கேனி செய்தது ஒரு குளிர்ப்பெட்டி. கம்பி வலையை இரட்டைச் சுவராக நிறுத்தி, நடுவில் கரித்துண்டுகளை நிரப்பி, மேலே ஓட்டை போட்ட டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்ட விட்டிருந்தாள். மின்சாரம் வேண்டாம், உள்ளே வைத்த மாம்பழம் பன்னிரண்டு நாள் தாங்கியது. கரி வாங்க வழியில்லாமல், லாரியில் மூட்டை ஏற்றும் இடத்தில் சிந்திக் கிடந்ததை ஒரு மாதம் பொறுக்கிச் சேர்த்தவள் அவள். மேற்படிப்புக்கு அறிவியல் பிரிவு வேண்டும் என்று வகுப்பில் கேட்டவளும் அவள் ஒருத்திதான்.

கவினியா அந்தப் படத்தை நகலெடுத்துக் கசிவாவின் கட்டத்தில் ஒட்டினாள். படத்தோடு முக்கேனிக்குப் போட்டிருந்த படியும் ஒட்டிக்கொண்டு வந்தது. 'எதிர்பார்ப்பை மிஞ்சியவர்.' பேட்டரி சாகும் நேரம். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுப்பினாள். திங்கட்கிழமை இணையதளத்தை மூடிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பெற்றோரின் போனுக்கெல்லாம் செய்தி வந்தது. மறுநாள் காலையில் பள்ளி வாசலில் கசிவாவின் அம்மா நின்றாள். ஒரு கையில் கால் கட்டிய சேவல், இன்னொரு கையில் போன். பின்னால், கணுக்காலுக்கு மேலே ஏறிப்போன சீருடைப் பாவாடையில் கசிவா.

"டீச்சர், இதைப் படிங்க. நீங்களே உங்க வாயால படிங்க."

கவினியா படித்தாள். உங்கள் மகள் எதிர்பார்ப்பை மிஞ்சினார்.

"மிஞ்சிட்டா! என் வயித்துல பொறந்தது! நேத்தே பஸ் ஏறித் திகாவுக்குப் போயி, அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். வேற ஆளைப் பாத்துக்கங்க, என் பொண்ணு படிக்கப் போறான்னு. இவ என்னடான்னா, நான் எதையும் செய்யலம்மாங்கறா. போறதுக்கு முன்னாடி செஞ்சிருப்பே, மறந்திருப்பேன்னு சொன்னேன். பாருங்க டீச்சர், எவ்வளவு அடக்கம்!"

கசிவா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவினியா சேவலை வாங்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று மதியம், எல்லோரும் சோளமும் பீன்ஸும் வேகவைத்த முத்தொகோய்க்கு வரிசையில் நிற்கும்போது, முக்கேனி தன் அம்மாவின் போனை நீட்டினாள். அதில் வேறு செய்தி இருந்தது. பிறர் வேலையை நகலெடுத்ததாகத் தெரிகிறது, எதிர்பார்ப்புக்குக் கீழே. இந்த வருஷம் படங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இயந்திரத்தை வைத்திருந்தார்களாம். வரிசையில் கசிவாவின் பதினேழாம் எண் முந்தி, முக்கேனியின் முப்பத்தெட்டாம் எண் பிந்தி. முந்தியது அசல், பிந்தியது திருட்டு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"டீச்சர், மெஷின் தப்பு பண்ணியிருக்கு. நீங்க சொன்னா கேட்கும்ல?" என்றாள் முக்கேனி.

முதெங்கி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "மேல்முறையீடு பண்ண ஏழு நாள் இருக்கு. ஆசிரியர் தவறுன்னு எழுதினா விசாரணை வரும். செப்டம்பர்ல நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல உன் பேரு இருக்காது. பிள்ளையே நான் அடுத்தவளைப் பார்த்துச் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டு எழுதினா மன்னிப்பு உண்டு. 'நெருங்கியவர்'னு ஏத்திடுவாங்க."

"அறிவியல் கிடைக்காதே சார்."

"நீ படிச்சது அறிவியல்தானே? ரெண்டு வருஷமா பாதிச் சம்பளத்துல என் முன்னாடி நிக்கறே. அவளுக்கு மட்டும் என்ன கிரீடமா வைக்கப் போறாங்க?"

"நீங்கதான் சார் போடச் சொன்னீங்க."

"நானா? நான் கீழே நின்னேன். மேலே நின்னது நீ." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் அல்ல அவர். சோறே இல்லாமல் மறைக்கிறவர்.

நாலு நாள் கவினியா ஒன்றும் செய்யவில்லை. கசிவா தினமும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். விட்டுப்போன பாடங்களை முக்கேனியின் நோட்டை வாங்கியே எழுதிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் மறுபடி போய்விடுவாளே, அவளுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று கவினியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதி நிஜம். மீதிப் பாதி செப்டம்பர் மாதம்.

ஐந்தாம் நாள் முக்கேனியைத் தனியே கூப்பிட்டு, ஒரு தாளைக் கொடுத்தாள். "இது ஒரு வழி. பார்த்துச் செஞ்சேன்னு எழுதினா ஒரு படி ஏறலாம்" என்றாள். சொல்லும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்கேனி பேனாவைத் திறந்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதுகிற பிள்ளை. இரண்டு வரி எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"டீச்சர், எந்தத் தேதியில பார்த்தேன்னு போடணும்?"

கவினியா தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள். பாதிச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் பார்க்க, தொட்டி மேடைமேல் ஏறினாள். ஆசிரியர் தவறு என்ற கட்டத்தைத் தொட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். தலைமையாசிரியரின் பெயரையும் எழுதினாள். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

வியாழக்கிழமை இரண்டு வீட்டுக்கும் புதிய செய்தி போனது: முக்கேனியின் படி திரும்பி வந்தது, கசிவாவின் படி ரத்தானது. முக்கேனி வகுப்பறைக் கதவருகே நின்று அழுதுகொண்டே சிரித்தாள். வெள்ளிக்கிழமை காலை கசிவாவின் இடம் காலி.

கவினியா அந்தச் சேவலை அறுக்காமல் கட்டியே வைத்திருந்தாள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வறண்ட ஆற்றைத் தாண்டிக் கசிவா வீட்டுக்கு நடந்தாள். வாசலில் துணிப்பை மூட்டை கட்டி வைத்திருந்தது. கசிவாவின் அம்மா சேவலைப் பார்த்தாள்.

"இதை எதுக்குத் திருப்பிக் கொண்டாந்தீங்க?"

"நான் வாங்கியிருக்கக் கூடாதும்மா. தப்பு என்னோடது. கசிவா படிக்கட்டும், நான் பார்த்துக்கறேன், அடுத்த வருஷம் அவளே..."

"அடுத்த வருஷமா? திகாக்காரம்மா ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன்னிருக்காங்க." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கவினியாவுக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். "ஊரெல்லாம் போனைக் காட்டிட்டேன் டீச்சர். சர்ச்சுல எழுந்து நின்னு சாட்சி சொன்னேன். அது பொய்யாவே இருந்துட்டுப் போயிருக்கலாமே."

"முக்கேனி என்னம்மா பாவம் செஞ்சா?"

"என் பொண்ணு என்ன செஞ்சா?"

மேட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. கசிவா உள்ளேயிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். டீச்சர்மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

"டீச்சர், அந்தக் குளிர்ப்பெட்டி படம் உங்க போன்ல இருக்கா? நான் ஒரு தடவைகூட பார்த்ததில்ல."

கவினியா தேடி எடுத்துக் காட்டினாள். கசிவா போனை இரண்டு கையாலும் வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, கரியை, வலையை, தண்ணீர் சொட்டும் டப்பாவை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பஸ் மறுபடி ஹாரன் அடித்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டாள்.