பதினாறு பேரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்த கதை

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா பாடும் சேர்ந்திசைக் குழுவுக்கு இது இருபத்தைந்தாவது ஆண்டு. விழாவன்று வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு மலர் போடுகிறார்கள். "சேர்ந்திசைக்கு நம் குழுவின் பங்களிப்பு" என்று நாலு பக்கக் கட்டுரை வேண்டும் என்று குழுவின் செயலாளர் அம்மாள் கேட்க, "என் தம்பி எழுத்தாளன்தான், எழுதித் தருவான்" என்று அக்கா அதை என் தலையில் கட்டிவிட்டாள்.

நான் எழுதுவது சலவை இயந்திரக் கையேடுகள். "மூடியைத் திறக்கும் முன் இயந்திரம் முழுமையாக நின்றுவிட்டதா என்று பார்க்கவும்" என்பது என்னுடைய வாக்கியம். லட்சம் வீடுகளில் இருக்கிறது, ஒருவரும் படித்ததில்லை. மூன்று நாவல்களும் எழுதியிருக்கிறேன். அவற்றின் கதியும் ஏறக்குறைய அதேதான்.

2

முதல் தொடக்கம்: "மனிதக் குரலை விட மகத்தான கருவி இவ்வுலகில்..." (போதும். இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

இரண்டாவது தொடக்கம்: "பதினாறு உடல்கள், ஓர் உயிர்." (செயலாளர் அம்மாளுக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம்: "இந்தக் குழு சேர்ந்திசைக்குச் செய்த பங்களிப்பு ஒரு தப்பு."

இதை அக்காவின் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்துக் காட்டினேன். அவள் தட்டைக் கழுவப் போனவள் அப்படியே நின்றாள்.

"இதை எழுதச் சொல்லியா உன்கிட்ட சொன்னேன்?"

"நீ சொன்னதுதானே."

"அக்கா தம்பிகிட்ட சொல்றது வேற. மலர்ல போடறது வேற."

"அப்ப என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது. நான் எழுதறவன்."

"வாஷிங் மெஷினுக்கு."

உள்ளேயிருந்து அத்தான், "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க" என்றார். நாங்கள் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தோம். இந்த வீட்டில் யாரும் எதையும் கவனிப்பதில்லை.

3

விஷயம் தெரியாதவர்களுக்காக, கொஞ்சம் கையேட்டு நடையில்.

குழுவில் பதினாறு பேர். எட்டுப் பெண்கள், எட்டு ஆண்கள். பக்கவாத்தியம் கிடையாது. இதுவே தொழில் என்பதால் தொண்டைக்கட்டு, மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்ற சாக்கெல்லாம் செல்லாது. அக்கா ஆல்ட்டோ, அதாவது பெண் குரல்களில் கீழே இருப்பது. "நான் பாடினா யாருக்கும் தெரியாது. பாடலைன்னா எல்லாருக்கும் தெரியும்" என்பாள். அதோடு இசைத்தாள்களைப் பாதுகாப்பதும் அவள் வேலை. தாள்கள் பதிப்பகத்திலிருந்து இரவலாக வரும். பாடி முடித்ததும் பென்சில் குறிகளையெல்லாம் ரப்பரால் அழித்து, வந்தபடியே திருப்பி அனுப்ப வேண்டும்.

பென்சில் குறிகளில் முக்கியமானது மூச்சுக்குறி. ஒரு நீண்ட வரியை அறுபடாமல் பாட வேண்டுமென்றால் பதினாறு பேரும் பதினாறு வேறு இடங்களில் மூச்சு எடுக்க வேண்டும். ஒருவர் எடுக்கும்போது பக்கத்திலிருப்பவர் தாங்கிக்கொண்டிருப்பார். யார் எங்கே என்பதை நாள்கணக்காக உட்கார்ந்து, சண்டை போட்டு, அவரவர் தாளில் குறித்துக்கொள்வார்கள். கேட்பவருக்கு மூச்சே விடத் தெரியாத ஏதோ ஒரு பிராணி பாடுவது போல இருக்கும். (முதல் வரைவில் "பிராணி"யைச் செயலாளர் அம்மாள் சிவப்பு மையால் வட்டமிட்டு, "தெய்வீகம்" என்று திருத்தியிருந்தார். பிராணி அப்படியே இருக்கட்டும்.)

4

இனி அக்காவின் கதை. இங்கே நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு பிற்பகல், அவள் அரங்கத்தின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து இசைத்தாள்களை அழித்துக்கொண்டிருந்தாள். முந்தின மாதம் பாடி முடித்த ஒரு கட்டு திருப்பி அனுப்ப வேண்டியது. அன்று மாலை முதன்முதலாகப் பாடப்போகும் புதுப் பாட்டும் அதே பதிப்பகம், அதே பச்சை அட்டை. அவள் மனம் வேறெங்கோ இருந்தது. (எங்கே என்று கேட்டேன். "எங்கேயோ, ஞாபகம் இல்லை" என்கிறாள். கதாபாத்திரம் இப்படி ஒத்துழைக்க மறுத்தால் ஆசிரியன் என்னதான் செய்வான்?) அழித்து முடித்து, தூளை ஊதிவிட்டு, அட்டையை மூடியபோதுதான் பாட்டின் தலைப்பைப் பார்த்தாள். அழித்தது அன்று மாலைப் பாட்டை.

பதினாறு தாளும் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தன. மேடையேற ஒரு மணி நேரம் இருந்தது. உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பயந்துவிட்டாள். எல்லோரும் தாளைப் பிரித்துவிட்டுத் திகைத்துப் பார்த்தபோது, "பதிப்பகத்துல இருந்து புதுப் பிரதி வந்துடுச்சு போல, நான் பார்க்கல" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். மணி அடித்துவிட்டது.

அந்தப் பாட்டின் கடைசி வரி நாற்பது விநாடி. நடுவில் ஒரு சொல் முடிகிறது. பதினாறு பேருக்கும் தங்கள் குறி எங்கே என்று அரைகுறை ஞாபகம். பக்கத்து ஆள் தாங்குவார் என்று நம்பி, பதினாறு பேரும் அந்தச் சொல் முடிந்த அதே இடத்தில் மூச்சு எடுத்தார்கள். அரங்கத்தில் சத்தமே இல்லை. மூன்று விநாடி. பிறகு யாரோ தொடங்க, மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

கைதட்டல் நிற்கவே இல்லை. மறுநாள் பத்திரிகைகள் பாட்டை விட்டுவிட்டு அந்த மூன்று விநாடியைப் பற்றியே எழுதின.

5

இனிமேல்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

குழுவை நடத்துபவரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். அந்த மௌனம் எப்படித் தோன்றியது என்று ஒரு பேட்டியில் கேட்டபோது அவர் கண்ணை மூடி, "நான்தான் வேண்டுமென்றே குறியில்லாத புதுப் பிரதிகளை வரவழைத்தேன். பதினாறு பேரும் ஒன்றாக மூச்சு விடட்டும் என்று நினைத்தேன்" என்றார்.

புதுப் பிரதி என்று ஒன்று வரவே இல்லை என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். தான் எதையும் வரவழைக்கவில்லை என்பது மாஸ்டருக்கும் தெரியும். அவள் சொன்ன பொய்யின் மேல் அவர் மாடி கட்டிக் குடியேறிவிட்டார். அவரைக் காட்டிக்கொடுத்தால் அவளும் மாட்டுவாள். பத்தொன்பது வருடமாக இரண்டு பேரும் தினமும் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.

(மாஸ்டரை ஒரு வில்லனாக எழுதத்தான் பார்த்தேன். முடியவில்லை. அக்காவுக்கு டைஃபாய்டு வந்தபோது அவள் இடத்தை இரண்டு மாதம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவர் அவர். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ஒழுங்கான கதை எழுத முடியாது.)

பாட்டின் அடுத்த பதிப்பில் அந்த மௌனத்தை அச்சிலேயே ஏற்றிவிட்டார்கள். இன்று எத்தனையோ குழுக்கள் அப்படித்தான் பாடுகின்றன. மாணவர்கள் ஆய்வுக்கட்டுரை எழுதுகிறார்கள். மாஸ்டர் அதை வருடத்துக்கு வருடம் நீட்டி, இப்போது ஒன்பது விநாடி ஆகியிருக்கிறது. பங்களிப்பு என்று செயலாளர் அம்மாள் சொல்வது இதைத்தான்.

6

பாட்டை எழுதியவருக்கு எழுபத்தொன்பது வயது. மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். இசைத்தாள் சம்பந்தப்பட்ட தபால் அக்காவிடம்தான் வரும். மூன்றையும் அவள் மாஸ்டரிடம் கொடுத்தாள், அவர் மூன்றையும் மேசை இழுப்பறையில் போட்டார். மூன்றாவதைக் கொடுக்கும் முன் எனக்குப் படித்துக் காட்டினாள். சுருக்கமான கடிதம்.

"என் மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த நாட்களில், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய வரி அது. எங்குமே மூச்சு நிற்காத ஒரு வரி வேண்டும் என்று எழுதினேன். நீங்கள் சரியாக அங்கே நிறுத்துகிறீர்கள். ஒரே ஒரு முறை, எழுதியபடி கேட்க வேண்டும். விழாவுக்கு வருகிறேன்."

யோசித்துப் பாருங்கள். எழுதிய ஆளே அதை எழுதியபடி கேட்டதில்லை. ஒத்திகை அறையில் பாடிய பதினாறு பேரையும் மாஸ்டரையும் தவிர இந்த உலகத்தில் யாருமே கேட்டதில்லை.

"மாஸ்டர்கிட்ட உண்மையைச் சொல்லேன்" என்றேன்.

"சொன்னா?"

"அது தப்புன்னு ஆயிடும். தப்பைத் திருத்தித்தானே ஆகணும்."

"அவர் ஒத்துக்கவே மாட்டார். எனக்கு அம்பத்துநாலு வயசு. வருஷா வருஷம் ஜனவரியில எங்க குரலைச் சோதிப்பாங்க. யார் இருக்கணும், யார் போகணும்னு அவர்தான் முடிவு பண்ணுவார். ஆல்ட்டோவுக்குச் சின்னச் சின்னப் பொண்ணுங்க வரிசையில நிக்கிறாங்க. இதை விட்டா எனக்கு வேற என்னடா தெரியும்?"

"இருபது வருஷமா வாயைத் திறந்துதான் சம்பாதிக்கிறே. இதுக்கு மட்டும் வாய் வரலையா?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அழுதாள். எனக்கு எரிச்சல் போய் வெட்கம் வந்தது. பிறகு மறுபடியும் எரிச்சல் வந்தது.

7

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) ஒத்திகையில் அக்கா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். ஒரு கணம் அமைதி. பிறகு மாஸ்டர் எழுந்து வந்து அவள் கையை... (இப்படியெல்லாம் எந்த ஊரிலும் நடக்காது. கிழித்துவிட்டேன்.)

ஆ) மாஸ்டருக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். (கேவலம்.)

இ) அக்கா எதுவுமே சொல்வதில்லை. ஒன்பது விநாடி மௌனம். பாட்டை எழுதிய பெரியவர் எழுந்து வெளியே போகிறார். (நடக்கக்கூடியது இதுதான். எழுதும்போது கை வரவில்லை.)

மூன்றையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது சாப்பாட்டு மேசை முழுக்க இசைத்தாள்கள். அக்கா பென்சிலும் கையுமாக இருந்தாள். அச்சிட்ட மௌனத்தின் மேல் ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு. பிறகு, முணுமுணுத்துப் பாடிப் பாடி, ஒவ்வொருவருக்கும் அவரவர் பழைய மூச்சுக்குறி. பதினாறு பேருடைய இடமும் அவளுக்கு மனப்பாடம். சிலர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களின் தாளில் பழைய ஆளின் குறியைப் போட்டாள்.

"எல்லாமா ஞாபகம் இருக்கு?"

"நான் அழிச்சதுதானே" என்றாள்.

"மாஸ்டர் பார்த்தா?"

"அவர் தாள் வேற. விழா அன்னிக்கு மேடைக்குப் பின்னாலதான் இதைக் கொடுப்பேன். அதுக்கு முன்னாடி யார்கிட்டேயும் சொல்லல. இதையும் எழுதிடாதே."

எழுதிவிட்டேன். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

8

இரண்டு கட்டுரைகளை ஒரே உறையில் போட்டு அக்காவிடம் கொடுக்கப்போகிறேன். ஒன்று, "பதினாறு உடல்கள், ஓர் உயிர்" என்று தொடங்கும் உருப்படியான நாலு பக்கம். அதில் மாஸ்டர் மேதை, மௌனம் ஒரு தரிசனம், யாருக்கும் ஒரு வம்பும் இல்லை. இன்னொன்று இது. அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் இசைத்தாள் பொறுப்பாளரின் வேலைதான். செயலாளர் அம்மாள் முதலாவதை ஏற்கெனவே பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். எதைக் கொடுத்தாள் என்று நான் கேட்கப்போவதில்லை, அவளும் சொல்லப்போவதில்லை.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் எதைக் கொடுத்தாள் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா வாயைத் திறந்துவிட்டாள். உங்கள் கையிலிருக்கும் அதே மலர் மேடைக்குப் பின்னாலும் இருக்கிறது. மாஸ்டரும் இந்நேரம் படித்திருப்பார். ஜனவரியில் என்ன ஆகும் என்று இப்போது கேட்காதீர்கள்.

இன்றைய நிகழ்ச்சியில் அது ஆறாவது பாட்டு. கடைசி வரி. நடுவில் அந்தச் சொல் முடியும் இடத்தில் மாஸ்டரின் கை மேலே நிற்கும். கை இறங்கும் வரை யாரும் தொடரக் கூடாது என்பது குழுவின் சட்டம். மற்ற பதினைந்து பேரும் பென்சில் குறியைப் பார்ப்பார்களா, மாஸ்டரின் கையைப் பார்ப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருடப் பழக்கம். நான் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியாது.

அக்கா நிறுத்தமாட்டாள். அது மட்டும் தெரியும். நேற்றுத் தொலைபேசியில் சொன்னாள்: "யார் நிறுத்தினாலும் நான் பாடிட்டுதான் இருப்பேன்." ஆகவே நீங்கள் ஒரு பெண்ணின் தாழ்ந்த குரலைத் தனியாகக் கேட்கலாம். அல்லது பதினாறையும் கேட்கலாம். அதை நான் இங்கே உட்கார்ந்து எழுத முடியாது. முதல் வரிசையில் ஓரமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் முடிவு தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இல்லை.

ஒன்று மட்டும். மாஸ்டர் பிடித்த பிடியில் கையை இறக்காமலே நின்றால், அக்காவின் மூச்சு இருபது விநாடிதான் தாங்கும். பிறகு அவள் மூச்சு எடுத்தாக வேண்டும். அதற்குள் இன்னொருவர் பாடத் தொடங்கியிருந்தால் வரி அறுபடாது. ஒருவர் போதும்.