நித்திலா இருக்கும் நேரம்

மங்களேஸ்வரியின் மகள் நித்திலா, அம்மாவின் கம்ப்யூட்டர் கணக்குப் போடும் நேரத்தில் மட்டும்தான் இருப்பாள். மற்ற நேரங்களில் இல்லை. மழை அளவு அலுவலகத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து மேஜை துரைசிங்கத்துக்கு ப்ரின்டர் சூடாகும் வரைக்கும் ஒரு தம்பி உண்டு. அவன் வந்தாலே சண்டைதான்.

அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, சரியான சோம்பேறி. மாநிலத்து மழையை ஊர்வாரியாகப் பிரிக்கச் சொன்னால் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். உடனே மேஜைக்கு அடியிலிருந்து நித்திலா வருவாள். தலை பின்னி, வாய்ப்பாடு கேட்டு, மடியில் கிடத்தித் தூங்கவும் வைக்கலாம். முப்பது வருஷத்துச் சராசரி கேட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல்கூட வந்து போய்விடும். இப்படித்தான் மங்களேஸ்வரி அவளை ஏழு வயது வரைக்கும் வளர்த்தாள்.

ஒருநாள் மெஷின்களின் வேகத்தை அளக்கும் பிரிவிலிருந்து அருளப்பன் ஸ்டாப்வாட்சோடு வந்தார். மூச்சு வாங்கியது.

"என்னம்மா, வராந்தா போய்க்கிட்டே இருக்கு?"

"மெஷின் ஸ்லோவா இருந்தா வராந்தா நீண்டுரும் சார்" என்றார் துரைசிங்கம்.

"எல்லா மெஷின்லயும் ஒரே கணக்கை ஓட விடுவோம். தேறலைன்னா மாத்திருவோம்."

மங்களேஸ்வரி பொத்தானை அமுக்கினாள். வட்டம் சுற்றியது. நித்திலா வந்து அருளப்பனுக்கு வணக்கம் சொன்னாள். ஸ்டாப்வாட்ச் களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தது. விடை வருவதற்குள் அருளப்பனுக்குத் தாடி வளர்ந்துவிட்டது.

"பாப்பா யாரு?"

"என் மக சார். இது ஓடுறப்ப மட்டும் இருப்பா."

"அப்ப புது மெஷின் வந்தா?"

பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது! அருளப்பன் தாடியைத் தடவிக்கொண்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லை.

"மெஷின் தேறலைம்மா. நான் என்ன செய்ய?"

அன்று மத்தியானமே புதுக் கம்ப்யூட்டர் வந்தது. வராந்தா சுருங்கி, தெருவாசல் அவள் நாற்காலியில் வந்து முட்டியது. அதே கணக்கைப் போட்டாள். அமுக்கிய விரலை எடுப்பதற்குள் விடை. நடுவில் நித்திலா வாயைத் திறந்தபடி ஒரு நொடி இருந்தாள். அப்புறம் இல்லை.

மங்களேஸ்வரி எல்லோர் முன்னாலும் அழுதாள். அழுதுகொண்டே யோசித்தாள். பிள்ளை ஏன் வாயைத் திறந்தாள்? மணி ஒன்றரை. மத்தியானச் சாப்பாடு இன்னும் கொடுக்கவில்லை. அடப்பாவமே!

டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர்சாதத்தை ஒரு வாய் உருட்டி, மேஜை ஓரமாக நீட்டிப் பிடித்தாள். இடது கையால் பொத்தானை அமுக்கினாள். விடை வந்தது. விரலில் சோறு இல்லை.

மறுபடி உருட்டினாள். மறுபடி அமுக்கினாள். சோறு இல்லை.

அருளப்பன் பின்னால் வந்து நின்றார்.

"எத்தனை தடவை ஓட்டினாலும் அதே நேரம்தாம்மா வரும். போதுமே?"

"பாதிச் சாப்பாட்டுல எப்படி சார் விட்டுட்டுப் போறது?" அவள் அடுத்த வாயை உருட்டினாள்.

அருளப்பன் ஸ்டாப்வாட்சைச் சட்டைப்பைக்குள் போட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"விக்கப் போகுதும்மா. நீங்க அமுக்குங்க, தண்ணி நான் குடுக்கறேன்."