ஓட்டினது யாரு?

"எப்படி அடிபட்டது? பார்ட்ஸ் வாங்க வர்றவன் முதல்ல அதத்தான் கேப்பான். உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க" என்றாள் பழைய வண்டிக் கடைக்காரி. என் வயதுதான் இருக்கும். எல்லாரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, அதன் மேல் கிரீஸ் படிந்த துண்டு. கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பாலத்துக் கைப்பிடிச் சுவர்ல மோதிடுச்சு" என்றேன்.

"ஓட்டினது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் சொன்னாள். "நான்தான்க்கா. பழகிட்டிருந்தேன்."

ஆஸ்பத்திரி கவுண்டரில் பெயரும் வயதும் சொல்கிறவளைப் போலச் சொன்னாள். இடது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கீழே கிடந்த ஒரு சக்கர மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. டாக்டர், வாத்தியார், கல்யாணமாகி வந்த பெண், பென்ஷன் வாங்கியபிறகு ஆசை வந்த பெரியவர் என்று இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப்பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்தான். வண்டியில் ஏறினால் போன் டேஷ்போர்டுக்குள் போய்விட வேண்டும் என்பது என் முதல் பாடம். போன் அடித்ததும் அதை எடுக்கக் கை நீட்டிய ஒரு பையனை நடுரோட்டில் இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்து போகச் சொல்லியிருக்கிறேன். அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்லவும் செய்வேன்.

அன்றைக்கு நானும் மகளும் உறவினர் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியானம், வெறிச்சோடிய ரோடு. நான்தான் ஓட்டினேன். மடியில் இருந்த போன் மினுங்கியது. மூன்று தடவை தேர்வில் தவறிய ஒரு அம்மாள், 'மாஸ்டர், பாஸாயிட்டேன்' என்று அனுப்பியிருந்தார். படித்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே சுவர் வந்துவிட்டது.

வண்டியின் முன்பக்கம் அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகத்தான் நசுங்கியது. அவள் கதவு திறக்கவில்லை. நான் என் கதவு வழியாக இறங்கி, அவளை இந்தப் பக்கமாக இழுத்து வெளியே கொண்டுவந்தேன். ரோட்டோரம் உட்காரவைத்த பிறகுதான் ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவன் என் பழைய மாணவன். "மாஸ்டர், நீங்களா?" என்றான். அவன் குரலில் இருந்தது பதற்றம் மட்டும்தான். எனக்கு ஏனோ அதில் கேலி கேட்டது. "பொண்ணு பழகிட்டிருந்தா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு தானாகப் புரண்டது. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க எனக்கு மூன்று வாரம் இருந்தது. அவளிடம் பழகுநர் உரிமம் இருந்ததால் பொய்க்குக் காகிதத்திலும் இடம் கிடைத்தது. வேறு யாருக்கும் அடிபடாததால் கேள்விகளும் சீக்கிரம் நின்றுவிட்டன. அன்றைக்கு ரோட்டோரத்தில் அவள் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் சொன்னதையே அவளும் சொன்னாள்.

வீட்டில் என் மனைவி அவளை வறுத்தெடுத்தாள். "கட்டு பிரிச்சதும் ஸ்டியரிங்க தொட்டுப் பாரு, அப்புறம் இருக்கு ஒனக்கு" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வாள். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டே திட்டுவாள். மச்சான் ஒருபடி மேலே போய் அவளுக்குப் பட்டப்பேரே வைத்துவிட்டார். அவள் கூடத்துக்குள் வந்தால், "பாலம் வருது, ஒதுங்குங்கப்பா" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சிரித்தேன்.

அக்கா வண்டியின் பின்கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தாள். "பின்னாடி எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. கியர்பாக்ஸ் வெலைக்குப் போவும். டிக்கி, பின்கண்ணாடி, ரெண்டு லைட்டு போவும். முன்னாடி ஒண்ணும் தேறாது" என்றாள். விலையைப் போனிலேயே பேசி முடித்திருந்தோம். சாவியும் காகிதமும் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வண்டியில் தன் சாமான் ஏதோ இருக்கிறது என்று மகள்தான் கூட வந்திருந்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. நாலடி தள்ளிப் போய்ப் பேசினாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற பிரிவுக்குப் பொறுப்பாளராக ஆகப்போகிறாள், வண்டி கொடுப்பார்கள் என்று விபத்துக்கு முன்னால் வீடெல்லாம் குதித்துக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் என்னிடம் பழகவே ஆரம்பித்தாள்.

"இல்ல மேடம், கை சரியாயிடும். அதுக்கில்ல" என்பது காதில் விழுந்தது. "எனக்கு ஓட்ட வராது மேடம். வேற யாருக்காவது குடுத்துடுங்க. பரவாயில்ல மேடம்."

என்னிடம் பழகியவர்களிலேயே கை சுத்தமாக ஓட்டுகிறவள் அவள். கிளட்ச்சை விடும்போது வண்டி ஒரு துளி அதிராது. அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. மகளாயிற்றே, தலைக்கனம் ஏறிவிடும் என்று வைத்திருந்தேன்.

அக்கா நசுங்கிய கதவின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டு அழுத்தினாள். தகரம் அலறிக்கொண்டு பிளந்தது. குனிந்து உள்ளே கையைவிட்டு, மடங்கிக் கிடந்த தரைத் தகட்டுக்கு அடியிலிருந்து எதையோ அசைத்து அசைத்து உருவினாள். ஒரு செருப்பு. வார் அறுந்து, குதிகால் பக்கம் நசுங்கியிருந்தது.

"இது யாரோடது?"

போனை வைத்துவிட்டு வந்த மகள் அதைப் பார்த்தாள். "என்னோடதுதான்க்கா."

அக்கா செருப்பைப் பார்த்தாள். அது கிடந்த இடத்தைப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். செருப்பின் தூசியைத் துண்டால் துடைத்து மகளின் நல்ல கையில் கொடுத்தாள். ஏதாவது கேட்டிருந்தால்கூட நான் இன்னொரு பொய்யைத் தேடியிருப்பேன். அந்தத் துடைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க ஓட்டினேன்" என்றேன். "பாப்பா இல்ல. போனைப் பாத்துக்கிட்டே ஓட்டினேன்."

"கதவத் தொறந்ததுமே தெரிஞ்சிடுச்சு சார்" என்றாள் அக்கா. "இந்த வேலைல ஒவ்வொரு வண்டியும் ஏதாவது சொல்லத்தான் செய்யும். வாங்குறவன்கிட்ட மோதின இடத்த மட்டும் சொன்னாப் போதும். மத்தது ஒங்க வீட்டு சங்கதி." நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை எடுக்க உள்ளே போனாள்.

மகள் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் அசிங்கம் எனக்கே உறைத்தது.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்ப்பா. ஆஸ்பத்திரிக்குப் போனதும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அம்மா திட்டுறப்போ சொல்லுவீங்கன்னு பாத்தேன். மாமா பாலம்னு கூப்பிட்டப்போ நீங்களும் சிரிச்சீங்க." குரல் உயரவில்லை. "அப்புறம் எதிர்பாக்கிறதையே விட்டுட்டேன்."

"இப்ப சொல்லிட்டேன்ல?"

"அந்த அக்காகிட்ட சொல்லி என்னப்பா ஆகப்போகுது?"

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். முன்னால் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது, அவளை உட்காரச் சொன்னேன். நான் பின்னால் நெரிசலில் கம்பியைப் பிடித்து நின்றேன். வீடு போய்ச் சேர்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சாப்பிட்ட பிறகு சொல்லலாம். மச்சான் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லலாம். மூன்று வாரமாக இப்படித்தானே தள்ளிக்கொண்டு வந்தேன் என்று பட்டதும் போனை எடுத்து மனைவிக்கு அடித்தேன்.

"வண்டிய குடுத்தாச்சா?" என்றாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"குடுத்தாச்சு. ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஓட்டினது அவ இல்ல. நான்."

பஸ் இரைச்சலில் கேட்கவில்லை போலிருக்கிறது. "என்னது?" என்றாள். கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "வண்டிய ஓட்டினது நான். அவ மேல பழி போட்டுட்டேன்." பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். எதிர் சீட்டில் இருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். அதில் ஒருவருக்கு என்னைத் தெரியும்.

குழாய் நின்றது. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்துக்கொண்டேன். ஒரு நிறுத்தம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

எங்கள் நிறுத்தத்தில் மகள் முன்வாசல் வழியாக இறங்கினாள். நான் பின்வாசல் வழியாக இறங்கினேன். பஸ் நகர்ந்ததும் எதிர்ப்பக்கம் எங்கள் வீடு தெரிந்தது. கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டு மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கைவரை சோப்பு நுரை. போன் காதிலேயே இருந்தது. மகள் ரோட்டைக் கடந்து அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.